ஆணையிடாத தளபதி

1984 ஜூன் 8 அன்று குடியரசுத் தலைவர் கியானி ஜெயில் சிங் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் போனார். அங்கே ஆயுதக் குழுவினருக்கு எதிராக ராணுவ டாங்கிகள் சுட்டு ஓய்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கோயில் வளாகத்தில் இருந்த அகால் தக்த் இடிந்து கிடந்தது. எங்கோ பதுங்கியிருந்த ஒருவன் அப்போதும் சுட்டதில், உடன் சென்ற ராணுவ அதிகாரி ஒருவர் காயமடைந்தார். அந்த நடவடிக்கையை மேற்கொண்ட ராணுவத்துக்கு அரசமைப்புச் சட்டப்படி உச்சத் தலைவர் ஜெயில் சிங்தான். அவர் ஒரு சீக்கியர். பஞ்சாபின் முதலமைச்சராகவும் நாட்டின் உள்துறை அமைச்சராகவும் இருந்தவர். ராணுவம் கோயிலுக்குள் நுழையப்போகிறது என்பதை யாரும் தன்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று தன் நினைவுக் குறிப்புகளில் அவர் எழுதினார்.

அதே நாள்களில் ராம்கரில் இருந்த சீக்கியப் படைப்பிரிவு மையத்தில் வீரர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மையத்துக்குப் பொறுப்பாக இருந்த பிரிகேடியர் சுட்டுக் கொல்லப்பட்டார். ராஜஸ்தானிலும் வேறு சில இடங்களிலும் சீக்கிய வீரர்கள் முகாமை விட்டு வெளியேறினார்கள். இந்தியப் படைகளில் சேரும் ஒவ்வொருவரும் அரசமைப்புச் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பதாகவும், குடியரசுத் தலைவரின் கட்டளைகளுக்கு உயிரே போனாலும் கீழ்ப்படிவதாகவும் உறுதியேற்கிறார். அந்த வாரம் அந்த உறுதிமொழி உடைந்தது. அந்த உறுதிமொழியில் இடம்பெறும் பதவியில் இருந்தவருக்கோ, தன் பெயரால் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்கவில்லை.

இந்தியாவில் முப்படைகளின் உச்சத் தலைமை என்பது வெறும் அலங்காரம் என்று பலரும் பேசக் கேட்கிறோம். ஜனவரி 26இல் அணிவகுப்பு மரியாதை, கடற்படைக் கப்பல்களைப் பார்வையிடும் சடங்கு, பரம் வீர் சக்ரா வழங்கும் விழா, அவ்வளவுதான் என்கிறார்கள். ஒரு போர்விமானத்தையோ ஒரு படைப்பிரிவையோ தன் விருப்பப்படி நகர்த்தும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பதவிக்கு ஒரு வேலை இருக்கிறது. அறிந்திருப்பதும் கேள்வி கேட்பதும்தான் அந்த வேலை. அந்த வேலை நடந்த தருணங்களும் உண்டு, நடக்க விடப்படாத தருணங்களும் உண்டு.

முதலில் சட்டம். அரசமைப்பின் 53ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஒன்றியத்தின் பாதுகாப்புப் படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைக்கிறது. அதே வாக்கியத்தின் பிற்பாதி, அந்தத் தலைமையைச் செலுத்தும் முறையைச் சட்டமே ஒழுங்குபடுத்தும் என்கிறது. 74ஆவது பிரிவின்படி அவர் அமைச்சரவையின் ஆலோசனையைக் கேட்டே செயல்பட வேண்டும். 1951இல் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை ஒட்டி, தன் சொந்த முடிவின்படி செயல்பட முடியுமா என்ற கேள்வியைக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் எழுப்பினார். முடியாது என்று அட்டர்னி ஜெனரல் எம்.சி. செதல்வாடும், அரசமைப்பை வரைந்த குழுவில் இருந்த சென்னை வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் கருத்துச் சொன்னார்கள். 1974இல் சம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. 1976இல் வந்த 42ஆவது திருத்தம் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும் என்று எழுதி வைத்தது. 1978இன் 44ஆவது திருத்தம், மறுபரிசீலனை செய்யச் சொல்லி ஒருமுறை திருப்பி அனுப்பும் உரிமையை மட்டும் அவருக்குக் கொடுத்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வரிசை இருக்கிறது. 310ஆவது பிரிவின்படி படையினர் குடியரசுத் தலைவர் விரும்பும் காலம் வரைதான் பணியில் இருக்கிறார்கள். ராணுவ நீதிமன்றம் விதித்த தண்டனையைக் குறைக்கவும் மன்னிக்கவும் 72ஆவது பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. அதிகாரிகளின் நியமனப் பத்திரம் அவர் பெயரால் வருகிறது. ஆக, படைவீரனின் விசுவாசம் ஒருவரிடம், கட்டளை பிறக்கும் இடம் இன்னொருவரிடம், ஆயுதம் மூன்றாமவரிடம். இந்த மூன்றும் ஒரே கையில் சேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. இது ஏன் இப்படி அமைந்தது என்று தெரிய, நூறு ஆண்டுகளுக்கு முன்னே போக வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி, வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் ஓர் உறுப்பினர். ஆனால் அதே குழுவில் படைத்துறை உறுப்பினர் என்று இன்னொரு ராணுவ அதிகாரியும் இருந்தார். பதவிநிலையில் அவர் தளபதிக்குக் கீழே. இருந்தாலும் தளபதியின் திட்டங்கள் அவர் வழியாகத்தான் வைஸ்ராயை அடையும். அவற்றின் செலவையும் தேவையையும் பற்றி அவர் தன் கருத்தை எழுதுவார். 1902இல் தலைமைத் தளபதியாக வந்த கிச்சனருக்கு இது பொறுக்கவில்லை. படைத்துறை உறுப்பினர் பதவியை ஒழித்துவிட்டு, எல்லாவற்றையும் தன்னிடமே ஒப்படைக்க வேண்டும் என்றார். வைஸ்ராய் கர்சன் மறுத்தார். ராணுவ விஷயத்தில் அரசாங்கத்துக்கு இரண்டாவது கருத்து கிடைக்காமல் போனால், தளபதி சொல்வதே முடிவாகிவிடும் என்பது அவர் வாதம். லண்டன் கிச்சனர் பக்கம் சாய்ந்தது. 1905 ஆகஸ்டில் கர்சன் பதவி விலகினார்.

கர்சனை வங்கப் பிரிவினைக்காக நாம் வெறுக்கிறோம், அதில் நியாயம் இருக்கிறது. இந்த ஒரு வழக்கில் அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். லண்டன் செய்ததைப் பாருங்கள். தன் சொந்த நாட்டில் தலைமைத் தளபதி என்ற பதவியை 1904இல்தான் அது ஒழித்திருந்தது. ஒரு தனி மனிதரின் கையில் ராணுவத்தின் முழுத் தலைமையும் இருப்பது நல்லதல்ல என்று முடிவு செய்து, ராணுவக் குழு ஒன்றை அமைத்தது. தனக்கு ஆகாது என்று தூக்கியெறிந்த ஏற்பாட்டை, அடுத்த ஆண்டே இன்னும் கெட்டியாக்கி இந்தியாவின் தலையில் கட்டியது.

அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் இந்தியத் தலைமைத் தளபதி படைக்கும் தளபதி, படைத்துறைக்கும் பொறுப்பாளர். 1930இல் ராபர்ட் டோர் ரஸ்ஸல் வடிவமைப்பில் புது டெல்லியில் அவருக்கென எழுந்த ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸ், வைஸ்ராய் மாளிகைக்கு அடுத்த மரியாதையை அந்தப் பதவிக்குக் கல்லில் எழுதிக் காட்டியது. 1946 செப்டம்பரில் இடைக்கால அரசு அமைந்தபோதுதான் பாதுகாப்புத் துறை பல்தேவ் சிங் என்ற அரசியல்வாதியிடம் வந்தது.

விடுதலை நாளன்று உச்சத் தளபதி என்ற பட்டம் ஓர் ஆங்கிலேயரிடம் இருந்தது. பிரிக்கப்படும் ராணுவத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக, இரு நாட்டுக்கும் பொதுவான உச்சத் தளபதியாக ஆக்கின்லெக் அமர்த்தப்பட்டிருந்தார். படைகளை ஏவும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆனால் இரு புறத்திலும் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகள் அவர் பொறுப்பில் இருந்தார்கள். 1947 அக்டோபரில் காஷ்மீருக்குள் படையை அனுப்பும்படி ஜின்னா உத்தரவிட்டபோது, பாகிஸ்தான் ராணுவத்தின் பொறுப்பில் இருந்த கிரேசி அதை நிறைவேற்றாமல் ஆக்கின்லெக்கைக் கேட்டார். ஆக்கின்லெக் விமானம் ஏறி லாகூருக்குப் போய், ஆங்கிலேய அதிகாரிகள் விலக நேரிடும் என்று ஜின்னாவிடம் எடுத்துச் சொன்னார். உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஒரு நாட்டின் தலைவர் இட்ட ஆணை அவர் ராணுவத்தின் வாசலிலேயே நின்றுபோனது. ஆக்கின்லெக்கின் அலுவலகம் நவம்பர் 30இல் மூடப்பட்டது.

டெல்லியில் இருந்தவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1947 ஆகஸ்ட் 15 முதலே தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் தனித்தனித் தளபதியின் கீழ் வந்தன. மூவரும் சமம், ஒருவருக்கு ஒருவர் கட்டுப்பட்டவர் அல்ல. 1948இல் ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸுக்குப் பிரதமர் நேரு குடிபோனார். தீன் மூர்த்தி பவன் என்று நாம் அறியும் அந்த வீட்டில் 1964இல் இறக்கும் வரை வாழ்ந்தார். வீடு மாறியதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் பெரியவர் என்பதை ஒவ்வொரு சிப்பாயும் தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி செய்த காரியம் அது. 1949 ஜனவரி 15இல் கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். 1953இல் ஓய்வு பெற்ற கையோடு ஆஸ்திரேலியாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டார்.

பிறகு 1955. நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தலைமைத் தளபதி என்ற பதவிப் பெயரையே நீக்கியது. ஏப்ரல் 1 முதல் மூன்று படைத் தலைவர்களும் வெறும் ‘சீஃப் ஆஃப் ஸ்டாஃப்’ ஆனார்கள். தரைப்படையின் ராஜேந்திர சிங்ஜி இரவு தலைமைத் தளபதியாகப் படுத்துக் காலையில் படைத் தலைவராக எழுந்தார். அவர் எந்த எதிர்ப்பும் காட்டியதாகத் தெரியவில்லை. விமானப்படைக்கு அப்போது சுப்ரோதோ முகர்ஜி தலைவர். கடற்படைக்கு இன்னும் ஆங்கிலேயரே தலைவர், 1958 வரை அப்படித்தான். அரசு வரிசைப் பட்டியலிலும் படைத் தலைவர்கள் கீழே இறங்கினார்கள். இன்று அவர்கள் 12ஆம் இடத்தில் இருக்கிறார்கள், அமைச்சரவைச் செயலாளர் 11இல்.

பாகிஸ்தான் தலைமைத் தளபதி பதவியை அப்படியே வைத்துக்கொண்டது. 1951இல் அதில் அமர்ந்த அயூப் கான், 1954இல் தளபதியாக இருந்தபடியே பாதுகாப்பு அமைச்சரும் ஆனார். கிச்சனர் கேட்டது அதுதான். 1958 அக்டோபர் 7இல் ராணுவச் சட்டம் வந்தது, 27இல் அதிபர் இஸ்கந்தர் மிர்சாவையே அயூப் வெளியேற்றினார்.

இந்த ஒப்பீட்டோடு நிறுத்திவிட்டால் கதை மிகவும் வசதியாக முடிந்துவிடும். ஆனால் 1972இல் பாகிஸ்தான் அதிபர் பூட்டோவும் தலைமைத் தளபதி பதவியை ஒழித்தார். டிக்கா கான் வெறும் படைத் தலைவராகத்தான் பொறுப்பேற்றார். அதே படைத் தலைவர் பதவியில் இருந்துகொண்டுதான் 1977இல் ஜியா உல் ஹக் பூட்டோவைக் கவிழ்த்தார். உச்சத் தலைமை அதிபரிடம் இருக்கும் என்ற வாசகம் பாகிஸ்தான் அரசமைப்பின் 243ஆவது பிரிவிலும் இருக்கிறது. பெயரை மாற்றியதோ ஒரு வரியை எழுதியதோ இந்தியாவைக் காப்பாற்றவில்லை. தேர்தலில் வேரூன்றிய கட்சிகள், படைச் செலவை ஆண்டுதோறும் வாக்குக்கு விடும் நாடாளுமன்றம், குறித்த காலத்தில் வீட்டுக்குப் போகும் தளபதிகள், ஒன்றையொன்று சமன் செய்யும் மூன்று படைகள் எல்லாம் சேர்ந்துதான் அந்த வரிக்கு உயிர் கொடுத்தன.

இதற்கு நாம் விலையும் கொடுத்தோம். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு மோதி 1959இல் தரைப்படைத் தலைவர் திம்மையா கொடுத்த பதவி விலகல் கடிதம் நேருவின் வற்புறுத்தலால் திரும்பப் பெறப்பட்டது. மூன்றே ஆண்டில் சீனப் போர் வந்தது. ராணுவத்தைத் தள்ளி வைப்பதும் ராணுவத்தின் பேச்சைக் கேட்காமல் இருப்பதும் வேறு வேறு என்பதை அப்போதைய தலைமை உணரவில்லை. மூன்று படைக்கும் சேர்த்து அரசுக்கு ஆலோசனை சொல்ல ஒருவர் வேண்டும் என்ற பேச்சு பல பத்தாண்டுகள் இழுத்தது. கார்கில் போருக்குப் பின் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழுவைத் தொடர்ந்து வந்த அமைச்சர்கள் குழு வற்புறுத்தியும்கூட, முப்படைத் தலைமை அதிகாரி பதவி உருவாக 2019 டிசம்பர் ஆனது. முதலாமவரான பிபின் ராவத், 2021 டிசம்பர் 8இல் சூலூரிலிருந்து வெலிங்டன் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரிக்குப் போகும் வழியில் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். அடுத்தவரை அமர்த்த ஒன்பது மாதத்துக்கு மேலானது. இந்தப் பதவியை உருவாக்கியபோதும், மூன்று படைத் தலைவர்கள் மீது உட்பட எந்தப் படைக்கட்டளை அதிகாரமும் இவருக்கு இல்லை என்று அரசு தெளிவாக அறிவித்தது. 1955இல் தொடங்கிய அச்சம் இன்னும் கைவிடப்படவில்லை. கைவிடப்படக் கூடாது என்பதே என் கருத்தும்.

அணு ஆயுதத்தில் இந்த ஏற்பாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். 2003 ஜனவரி 4இல் அணு ஆயுதக் கட்டளை ஆணையம் பற்றி அரசு அறிவித்தது. ஆயுதத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் அதிகாரம் பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவுக்கு மட்டுமே உண்டு. உச்சத் தளபதியான குடியரசுத் தலைவர் அந்தச் சங்கிலியில் இல்லை. அன்று அந்தப் பதவியில் இருந்தவர் அப்துல் கலாம். அக்னி ஏவுகணைத் திட்டத்தை வழிநடத்தியவர், 1998 பொக்ரான் சோதனைகளில் முன்னணியில் நின்றவர். அமைச்சரவையில் எவரையும்விட அந்த ஆயுதத்தை அறிந்தவருக்கு அதை ஏவுவதில் எந்தப் பங்கும் இல்லை. மக்களவைக்குப் பதில் சொல்ல வேண்டியவரிடம்தான் அந்த முடிவு இருக்க வேண்டும் என்பதால் இது சரியான ஏற்பாடே.

இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்த ஒரு தமிழர் உண்டு. பட்டுக்கோட்டைக்கு அருகே ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் 1982 முதல் 1984 ஆகஸ்ட் வரை பாதுகாப்பு அமைச்சர். பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தபோது அந்தத் துறை அவரிடம்தான் இருந்தது. 1987 ஜூலை 25இல் அவரே குடியரசுத் தலைவரானார். நான்கே நாளில், ஜூலை 29இல், கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. திரும்பி வர 1990 மார்ச் ஆனது. ஆயிரத்துக்கும் அதிகமான இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள், ஈழத் தமிழர்கள் தங்கள் வீட்டு வாசலில் அனுபவித்தது அவர்களால் மறக்க முடியாத துயரம். கையெழுத்துச் சடங்கில் இரு நாட்டு ஏற்பாட்டின் வேறுபாடும் பக்கத்துப் பக்கத்தில் நின்றது. 1978இன் இலங்கை அரசமைப்பின் 30ஆவது பிரிவுப்படி அதிபரே நாட்டின் தலைவர், அரசின் தலைவர், முப்படைகளின் தலைமைத் தளபதி. ஜெயவர்த்தனா மூன்றாகவும் இருந்து கையெழுத்திட்டார். இந்தியாவின் சார்பில் போட்டவர் பிரதமர். படையின் பெயரளவு உச்சத் தளபதியோ பதவியேற்று ஒரு வாரம்கூட ஆகாதவர்.

குடியரசுத் தலைவர் பதவி ஓர் அவசர விளக்கு, மின்சாரம் போனால் தானே எரியும், வந்தால் தானே அணையும் என்று வெங்கட்ராமன் விளக்கம் சொன்னார். அந்த விளக்கு எரிந்த ஒரு தருணம் 1999இல் வந்தது. ஏப்ரல் 17இல் ஒரே ஒரு வாக்கில் வாஜ்பாய் அரசு தோற்றது. மக்களவை கலைக்கப்பட்டது. மே மாதம் கார்கிலில் போர் மூண்டது. நம்பிக்கையை இழந்த ஒரு காபந்து அரசு, கேள்வி கேட்க மக்களவை இல்லாத நிலையில், போரை நடத்த வேண்டியதாயிற்று. விடுதலைக்குப் பின் அப்படி ஒரு நிலை அதற்கு முன் வந்ததில்லை. கே.ஆர். நாராயணன் அப்போது குடியரசுத் தலைவர். 1962இல் போர் நடக்கும்போதே நேரு நாடாளுமன்றத்தைக் கூட்டியதை முன்னுதாரணமாகக் காட்டி, மாநிலங்களவையிலாவது விவாதிக்கலாமே என்று யோசனை சொன்னார். அரசு அதை ஏற்கவில்லை. ஆனால் மூன்று படைத் தலைவர்களும் போரின் போக்கை அவரிடம் நேரில் விளக்கினார்கள். அவர் ஒரு படையையும் நகர்த்தவில்லை, ஓர் ஆணையும் இடவில்லை. தெரிந்துகொண்டார், கேட்டார். மக்களவை இல்லாத அந்த மாதங்களில் அரசை அரசமைப்பின் பேரால் கேட்கக்கூடிய ஒருவர் இருந்தார். உச்சத் தலைமை என்பதன் பொருள் இந்தியாவில் அதுதான் என்றால், அது சின்ன விஷயம் அல்ல.

இந்த உரிமையின் வேர் 53ஆவது பிரிவில் இல்லை, 78இல் இருக்கிறது. அமைச்சரவையின் முடிவுகள் அனைத்தையும் குடியரசுத் தலைவருக்குத் தெரிவிப்பதும், அவர் கேட்கும் தகவலைத் தருவதும் பிரதமரின் கடமை என்கிறது அது. எப்போது தெரிவிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த மௌனத்தின் வழியாகத்தான் 1984 நுழைந்தது. 1987இல் ஜெயில் சிங்குக்கும் ராஜீவ் காந்திக்கும் பகிரங்கமாக வெடித்த சண்டையும் இந்தப் பிரிவைச் சுற்றித்தான் நடந்தது. அதைப் பத்திரிகைகள் இரண்டு ஆளுமைகளின் மோதலாகவே எழுதின. அமைப்பில் இருந்த ஓட்டையைப் பேசியவர்கள் குறைவு.

ரகசியம் கசிந்துவிடும் என்பது வழக்கமான மறுப்பு. பொற்கோயில் விஷயத்தில் இந்த மறுப்பு, ஒரு சீக்கியரை நம்ப முடியாது என்ற சந்தேகமாகத்தான் அந்தச் சமூகத்தின் காதில் விழுந்தது. பாதுகாப்பு அமைச்சருக்கும் செயலாளர்களுக்கும் களத்தளபதிகளுக்கும் தெரிந்த ஒன்று, அவர்கள் அனைவரும் யார் பெயரால் செயல்படுகிறார்களோ அவருக்கு மட்டும் ஆபத்தான ரகசியமாவது எப்படி? முன்கூட்டிக் கேட்டிருந்தால் ஜெயில் சிங்கால் நடவடிக்கையைத் தடுத்திருக்க முடியாது. மறுபரிசீலனை செய்யச் சொல்லியிருக்கலாம். குரு அர்ஜன் தேவின் நினைவு நாளையொட்டிப் பக்தர்கள் திரண்டிருந்த வாரம் அது என்று நினைவூட்டியிருக்கலாம்.

நெருக்கடிநிலை விஷயத்தில் இப்படியொரு ஓட்டையை நாம் அடைத்திருக்கிறோம். 1975 ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடியது மறுநாள் காலையில்தான். 44ஆவது திருத்தம் 352ஆவது பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால் ஒழியக் குடியரசுத் தலைவர் நெருக்கடிநிலையைப் பிரகடனம் செய்யக் கூடாது என்றது. அதேபோல், நாட்டுக்குள்ளோ வெளிநாட்டிலோ பெரும் படை நடவடிக்கை எதற்கும், தொடங்கும் முன்னரே எழுத்தில் உச்சத் தளபதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 78ஆவது பிரிவிலும் ஒரு வரி சேர வேண்டும். திடீர்த் தாக்குதல் வந்து உடனே திருப்பி அடிக்க வேண்டிய வேளைக்கு விலக்குத் தரலாம். அந்த விலக்குக்கும் ஒரு நாள் கெடு வைத்து, அதற்குள் தெரிவித்தாக வேண்டும் என்று எழுதலாம்.